பழைய காலத்துச் சமையல் சாமான் பரிசு: பொங்கல்படிக்கும் கிறிஸ்துமஸுக்கும் எது சரியாக இருக்கும்?

சிந்துபூந்துறைத் தம்பி:

எல்லாருக்கும் வணக்கம். அக்காவுக்கு இது தலைப்பொங்கல். சென்னையில் வேளச்சேரிப் பக்கம் சின்ன ஃபிளாட்டில் இருக்கிறார்கள். பொங்கல்படிக்கு, அதாவது பிறந்த வீட்டிலிருந்து கொண்டுபோகிற பொங்கல் சீருக்கு, அப்பா வழக்கப்படி பட்டியல் போட்டுவிட்டார், பித்தளைப் பானை, கரண்டி, பச்சரிசி, வெல்லம், கரும்பு, மஞ்சள்குலை, பனங்கிழங்கு, சேலை வேட்டி, அதில் நான் தலையிட முடியாது. அதற்கு மேல் என் சம்பளத்தில் அக்காவின் அடுப்படிக்கு என்று ஏதாவது தர ஆசையாக இருக்கிறது. அவளுக்கு ஆச்சி வீட்டுச் சாமான் என்றால் உயிர். இப்போது பழைய பாணி என்று சொல்லி இணையத்தில் என்னென்னவோ வருகிறது, எனாமல் குவளை, செம்பு நிறக் கெட்டில், பழைய ரேடியோ வடிவத்தில் டோஸ்டர், கல்சட்டி, பித்தளை அஞ்சறைப்பெட்டி. எது உண்மையாகவே உதவும், எது பார்வைக்கு மட்டும் என்று எனக்குப் பிடிபடவில்லை. அக்கா வீட்டில் கேஸும் உண்டு, இண்டக்ஷன் அடுப்பும் உண்டு.

இது போக, பாளையங்கோட்டையில் என் மேலதிகாரி வீட்டுக்குக் கிறிஸ்துமஸுக்குப் போக வேண்டும். அவர் வீட்டம்மா பலகாரம் நன்றாகச் செய்வார். அங்கே என்ன கொண்டுபோகலாம்? ரொம்பப் பெரிய தொகை என்னால் முடியாது.

பாளை மதினி:

தம்பி, நல்ல காரியம். நேராகவே சொல்லிவிடுகிறேன். அலமாரியில் ஏறுகிற சாமானை வாங்காதீர்கள், அடுப்பில் ஏறுகிற சாமானை வாங்குங்கள். ஆச்சி வீட்டுப் பாத்திரங்களுக்கு அந்தப் பளபளப்பு தினமும் புழங்கித்தான் வந்தது. புழங்காத பித்தளை கொஞ்ச நாளில் கறுத்துவிடும், கறுத்ததைத் துலக்க வேலைக்குப் போகிற பெண்ணுக்கு நேரம் இருக்காது, அப்புறம் அது துணியில் சுற்றிப் பரணுக்குப் போய்விடும். ஆசையாகக் கொடுத்த பொருள் அப்படி ஆவதைப் பல வீடுகளில் பார்த்து எனக்கு மனசு கஷ்டப்பட்டிருக்கிறது.

கடைக்குப் போவதற்கு முன்னால் அக்காவிடம் போனில் சும்மா பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். எந்த அடுப்பில் அதிகம் சமைக்கிறாள், பாத்திரம் கழுவுகிற தொட்டி எவ்வளவு அகலம், துலக்குவது யார், வீட்டில் வருவது போர் தண்ணீரா. உப்புத் தண்ணீர் என்றால் பித்தளையில் கழுவின கையோடு துடைக்காவிட்டால் திட்டுத் திட்டாக நிற்கும். இண்டக்ஷன் விஷயத்தையும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். காந்தம் ஒட்டுகிற அடிப்பாகம் இருந்தால்தான் அந்த அடுப்பு சூடாக்கும். பித்தளை, செம்பு, வெண்கலம், கல்சட்டி, மண்சட்டி எதுவும் அதில் வேலைக்கு ஆகாது, எல்லாம் கேஸுக்குத்தான். வார்ப்பு இரும்பு இரண்டிலும் ஏறும், அடி சமமாக இருந்தால் போதும். எனாமலும் உள்ளே இரும்புத் தகடுதான், அதனால் அதுவும் ஏறும். ஆனால் எனாமல் என்பது இரும்பின் மேல் உருக்கிப் படியவைத்த கண்ணாடிப் பூச்சு, ஓரம் அடிபட்டுப் பெயர்ந்தால் அந்த இடம் துருப்பிடிக்கும்.

என் ஓட்டு வார்ப்பு இரும்புத் தோசைக்கல்லுக்குத்தான். பத்து அங்குலம் போதும். பன்னிரண்டு அங்குலக் கல் கடையில் பார்க்கக் கம்பீரமாக இருக்கும், ஆனால் ஈரக்கையோடு ஒரு கையால் தூக்கிக் கழுவ வேண்டியவள் அக்கா. இன்னொரு விஷயம், புதுக்கல்லை அப்படியே பெட்டியோடு கொண்டுபோய்க் கொடுக்காதீர்கள். இங்கேயே பழக்கிக் கொடுங்கள். அரிசி கழுவின தண்ணீரிலோ வடித்த கஞ்சியிலோ ஊறப்போட்டுத் தேய்த்துக் கழுவி, அடுப்பில் காயவைத்து, நல்லெண்ணெய் தடவி, வெங்காயத்தை இரண்டாக வெட்டித் தேய்த்து, இப்படி நாலைந்து தடவை. பிறகு உங்கள் அம்மா தினமும் அதில் இரண்டு தோசை ஊற்றட்டும். முதல் தோசைகள் பிய்ந்துதான் வரும், வரட்டும். பொங்கலுக்குள் கல் கறுப்பாக மினுங்க ஆரம்பித்துவிடும். அம்மா கைபட்டுப் பழகின தோசைக்கல்லைத் தலைப்பொங்கலுக்குக் கொண்டுபோய்க் கொடுங்கள், அதைவிட ஒரு பரிசை என்னால் யோசிக்க முடியவில்லை.

ரதவீதிக்காரன்:

மதினி சொன்னதை அப்படியே ஏற்கிறேன். நான் திருநெல்வேலி டவுனில் பாத்திரக்கடையில் வேலை பார்க்கிறவன், கடைப் பெயர் வேண்டாம். தம்பி தெரிந்துகொள்ள வேண்டிய சில விஷயங்கள்.

பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும். வெண்கலம் செம்பும் வெள்ளீயமும். இரண்டும் கிலோ கணக்கில்தான் விற்கும், வெண்கலம் விலை கூடுதல். பித்தளை கீழே விழுந்தால் நசுங்கும், தட்டி எடுத்துவிடலாம். வெண்கலம் விழுந்தால் விரிசல் விடும், விரிசல் விட்ட வெண்கலப் பானையை எடைக்குப் போடுவதைத் தவிர வேறு வழி இல்லை. அக்கா வீட்டில் கைக்குழந்தை, வழவழப்பான டைல்ஸ் தரை என்றால் இதையும் யோசியுங்கள்.

கடைக்குச் சின்னக் காந்தம் ஒன்றைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வாருங்கள். பித்தளையில் காந்தம் ஒட்டாது. ஒட்டினால் உள்ளே இரும்பு, மேலே முலாம். எங்கள் பக்கத்து வீட்டில் இணையத்தில் வாங்கிய பித்தளை டம்ளர் செட் ஒன்று மழைக்காலம் முடிவதற்குள் விளிம்பில் துருப்பிடித்துப்போனது, தூக்கிப் பார்த்தபோதே இலேசாகத்தான் இருந்தது. பித்தளை என்றால் கையில் கனம் தெரிய வேண்டும். வாயை விரலால் தடவிப் பாருங்கள், விளிம்பு மடித்து உருட்டியிருக்க வேண்டும், கையைக் கீறக்கூடாது. அடிப்பாகத்தை வெளிச்சத்தில் காட்டிப் பாருங்கள், ஊசித்துளை இருந்தால் தெரிந்துவிடும். சில பொருட்களில் கறுக்காமல் இருக்க மேலே லாக்கர் என்கிற வார்னிஷ் மாதிரிப் பூச்சு அடித்திருப்பார்கள். அது பூஜை அறைக்குச் சரி, அடுப்பில் வைக்கிற பாத்திரத்தில் இருக்கக்கூடாது, கேட்டு வாங்குங்கள்.

அப்புறம் பெயர் வெட்டுவது. இதை ஏன் எல்லாரும் விட்டுவிட்டார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. முன்பெல்லாம் ஒரு சம்படம் வாங்கினால்கூடப் பெயர் வெட்டாமல் வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டார்கள். கல்யாணச் சாமான், சடங்குச் சாமான், மொய்யாக வந்தது, எல்லாவற்றிலும் தலைப்பெழுத்தும் பெயரும் தேதியும் இருக்கும். எந்தப் பாத்திரம் யார் வீட்டுச் சீரில் வந்தது என்பது அதைத் திருப்பிப் பார்த்தாலே தெரியும். இப்போதும் கடைகளில் மெஷின் வைத்து வெட்டித் தருகிறோம், கொஞ்ச நேர வேலைதான். எவர்சில்வர் டிபன் கேரியரே வாங்கினாலும் சரி, அக்கா பெயரும் தலைப்பொங்கல் வருஷமும் வெட்டிக் கொடுங்கள். மூடியின் உள்பக்கம் வெட்டச் சொல்லாதீர்கள், எழுத்துப் பள்ளத்தில் அழுக்கு நிற்கும். வெளிப்பக்கம், கழுத்துக்குக் கீழே.

சென்னைவாசி நெல்லைக்காரி:

அண்ணாச்சி, பொங்கல் பானைக்கு உள்ளே ஈயம், அதாவது வெள்ளீயம், பூச வேண்டுமா? எங்கள் வீட்டில் பூசாமலே வைக்கிறோம்.

ரதவீதிக்காரன்:

பால், அரிசி, வெல்லம் வைத்துப் பொங்கி உடனே வேறு பாத்திரத்துக்கு மாற்றுகிற பானைக்குப் பூசாமல் விடுவதுதான் இங்கே வழக்கம். அதிலேயே ராத்திரி வரை வைத்திருக்கக்கூடாது, களிம்பு ஏறும். புளி, தக்காளி, மோர், எலுமிச்சை சேர்கிற எதையும் பூச்சு இல்லாத பித்தளையிலோ செம்பிலோ வைக்கவே கூடாது. இப்போது எல்லாரும் பரிசாகத் தருகிற செம்புத் தண்ணீர்ப் பாட்டிலுக்கும் இதே கதைதான், தண்ணீர் மட்டும்.

மேலப்பாளையத்தான்:

ஈயம் பூசுவதைப் பற்றிப் பேச்சு வந்ததால் சொல்கிறேன். எங்கள் ஊரில் பிரியாணி தேக்சா எல்லாம் செம்பு, உள்ளே பூச்சு இல்லாமல் அடுப்பில் ஏற்ற மாட்டார்கள். பாத்திரத்தைச் சூடாக்கி, நவச்சாரத்தூள் தூவித் துடைத்து, வெள்ளீயத்தை அதில் உருக்கி, பஞ்சால் ஒரே வீச்சில் பரப்புவார்கள். பார்த்துக்கொண்டே இருக்கலாம், மங்கிக் கிடந்த பாத்திரம் கண்முன்னால் வெள்ளியாகிவிடும்.

பூசின பாத்திரத்தைப் பரிசாகக் கொடுத்தால் கூடவே பக்குவத்தையும் சொல்லிக் கொடுங்கள். வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். காலிப் பாத்திரத்தை அடுப்பில் வைத்துவிட்டு போன் பேசப் போனால் பூச்சு திரண்டுவிடும். அதில் தாளிக்கக்கூடாது, வறுக்கக்கூடாது, கம்பி நார் போட்டுத் தேய்க்கக்கூடாது. உள்ளே செம்பு நிறம் தெரிய ஆரம்பித்தால் மறுபடி பூச வேண்டும். சென்னையில் உங்கள் அக்காவுக்குப் பூசுகிற ஆளைத் தேடி அலைய முடியுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள், முடியாது என்றால் அடுத்த தடவை ஊருக்கு வரும்போது எடுத்து வரச் சொல்லுங்கள்.

ஈயச் செம்பு வாங்கும் எண்ணம் இருந்தால் இன்னொரு எச்சரிக்கை. ரசத்துக்கு அது அருமைதான், ஆனால் அது முழுக்க வெள்ளீயமாக இருக்க வேண்டும். காரீயம், அதாவது லெட், கலந்திருந்தால் உடம்புக்குக் கேடு, முக்கியமாகக் குழந்தைகளுக்கு. பில்லில் தெளிவாக எழுதித் தருகிற கடையில் மட்டும் வாங்குங்கள். எழுதித் தரத் தயங்கினால் திரும்பி வந்துவிடுங்கள்.

தென்காசிச் சாரல்:

நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். பார்வைக்கு அழகாக இருந்தால் என்ன தப்பு? வாடகை வீட்டில், எல்லாம் பிளாஸ்டிக் டப்பாவாக இருக்கிற சமையலறையில், ஒரு பச்சை நிற எனாமல் குவளையோ பழைய பாணிக் கெட்டிலோ இருந்தால் காலையில் அங்கே போய் நிற்கவே பிடிக்கும். எல்லாரும் தினமும் மண்சட்டியில் குழம்பு வைக்கப்போவதில்லை. வேலைக்குப் போகிற பெண்ணுக்குத் தோசைக்கல்லும் பானையும் கொடுத்து, நீ இன்னும் அடுப்படியிலேயே நில்லு என்று சொல்கிற மாதிரியும் ஆகிவிடக்கூடாது. பட்டனைத் தட்டினால் தண்ணீர் கொதிக்கட்டுமே.

பாளை மதினி:

சாரல், நீங்கள் சொல்கிற கடைசி விஷயத்தை நான் முழு மனதோடு ஒப்புக்கொள்கிறேன். அந்த வீட்டில் மாப்பிள்ளைதான் தோசை சுடுகிறார் என்றால் கல் அவருக்கும் சேர்த்துத்தான், பெயர் வெட்டும்போது இரண்டு பேர் பெயரையும் வெட்டட்டும். கெட்டில் வாங்குவதும் தப்பில்லை. ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதா, உள்பக்கம் எவர்சில்வரா பிளாஸ்டிக்கா, பழுதானால் அவர்கள் ஊரில் சர்வீஸ் உண்டா, இதைப் பார்த்து வாங்குங்கள். ஆனால் பழைய தோற்றத்துக்காக மட்டும் இரண்டு மடங்கு விலை கொடுப்பதை எனக்கு ஏற்க முடியவில்லை. மின்சாரச் சாமான் எப்படியும் சில வருஷத்தில் போய்விடும். இரும்பும் வெண்கலமும் பேத்திக்குப் போகும். தம்பியிடம் இருப்பது சின்னத் தொகை, அது எங்கே நிற்கும் என்பதுதான் எனக்குக் கவலை.

ஒரு நடுவழியும் இருக்கிறது. பித்தளை காபி ஃபில்டரும் டபரா டம்ளரும். உள்ளே பூச்சு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பார்க்கவும் அழகு, காலையில் தினமும் கையில் எடுக்கிற பொருள், அடுப்பில் ஏறவேண்டிய அவசியமே இல்லை, எடையும் இல்லை.

காருகுறிச்சி மருமகள்:

மண்பாண்டத்தை விட்டுவிட்டீர்களே. பொங்கல் சமயத்தில் எங்கள் ஊர்ப் பக்கம் வந்து பாருங்கள், பானையும் சட்டியும் அடுப்புக்கட்டியுமாகத்தான் இருக்கும். திருநெல்வேலியிலிருந்து செங்கோட்டை ரயிலில் ஏறினால் சேரன்மகாதேவிக்கு அடுத்து எங்கள் ஸ்டேஷன். அதே பாதையில் கல்லிடைக்குறிச்சியில் இறங்கி அப்பளமும், அம்பாசமுத்திரத்தில் இறங்கி மரச்சொப்பும் வாங்கிக்கொண்டு திரும்பலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு இதைவிட நல்ல வேலை கிடையாது.

ஒரு விஷயத்தை நினைவில் வையுங்கள். நமக்கு மழை ஐப்பசி கார்த்திகையில்தான். வெயில் இல்லாமல் பச்சைப் பானை காயாது, காயாமல் சூளையில் வைத்தால் வெடித்துவிடும். அதனால் மழை நீண்ட வருஷம் பொங்கலுக்குப் பானை தட்டுப்பாடு வரும், விலையும் ஏறும். இப்போதே சொல்லி வையுங்கள், பேரம் பேசாமல் வாங்குங்கள். மண் எடுப்பதிலிருந்து சூளை பிரிப்பது வரை அவர்கள் படுகிற பாடு கொஞ்சமில்லை.

அக்காவுக்கு என்றால் மூடியோடு சின்னக் குழம்புச் சட்டி ஒன்று, தயிர் உறையூற்ற ஒன்று. விரலால் சுண்டினால் கணீர் என்று கேட்க வேண்டும், பொத்தென்று கேட்டால் எங்கோ விரிசல். வர்ணம், வார்னிஷ் அடித்த சட்டி சமையலுக்கு வேண்டாம். ஒரு நாள் தண்ணீரில் ஊறப்போட்டு, முதலில் கஞ்சித் தண்ணீரைக் கொதிக்கவைத்து, அப்புறம் குழம்பு. சோப்புத்தூள் போடாதீர்கள், மண் அதை இழுத்துக்கொள்ளும். சொதி வைக்க மண்சட்டியே சரி, சூடு மெதுவாக ஏறுவதால் தேங்காய்ப்பால் சட்டென்று திரிந்துபோகாது. மருமகன் வீட்டில் மாப்பிள்ளைச் சொதிக்கு என்று ஒரு சட்டியைத் தனியாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

சென்னைவாசி நெல்லைக்காரி:

கல்சட்டி பற்றி யாராவது சொல்லுங்கள், எனக்கும் வாங்க ஆசை.

தென்காசிச் சாரல்:

எங்கள் வீட்டில் உண்டு. மாக்கல்லில் குடைந்தது, நம் ஊர்ச் சரக்கு இல்லை, சேலம் நாமக்கல் பக்கத்திலிருந்து வருவது. புளிக்குழம்புக்கும் கீரை மசியலுக்கும் அதை அடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை, அடுப்பை அணைத்த பிறகும் கொதித்துக்கொண்டே இருக்கும், அதனால் கொஞ்சம் முன்னாலேயே இறக்க வேண்டும். பழக்குவதற்குப் பொறுமை வேண்டும். விளக்கெண்ணெயும் மஞ்சளும் தடவிக் காயவைத்து, பிறகு சில நாள் சூடான கஞ்சி ஊற்றி வைத்து, அதற்குப் பிறகுதான் சின்னத் தீயில் அடுப்பு. அவசரப்பட்டால் பிளந்துவிடும். பரிசாகக் கொடுப்பதாக இருந்தால் தோசைக்கல்லுக்கு மதினி சொன்னதுதான், நாம் பழக்கிவிட்டுக் கொடுக்க வேண்டும்.

கடையத்து அப்பா:

நடுவில் நுழைவதற்கு மன்னியுங்கள். எனக்கு மகள் இருக்கிறாள், இரண்டாம் வகுப்பு. அவளுக்கும் இந்த மாதிரிப் பழைய சாமான் ஏதாவது வாங்க நினைக்கிறேன், சிறுவீட்டுப் பொங்கலுக்கு. நாங்கள் வெளியூரில் இருந்துவிட்டு இப்போதுதான் ஊரோடு வந்திருக்கிறோம், அவளுக்கு இதெல்லாம் புதிது.

காருகுறிச்சி மருமகள்:

அண்ணாச்சி, இதைக் கேட்கவே சந்தோஷமாக இருக்கிறது. சிறுவீட்டுப் பொங்கலைப் பல தெருக்களில் விட்டுவிட்டார்கள். மார்கழி முழுக்க வாசலில் சாணிப்பிள்ளையாரில் வைக்கிற பூசணிப்பூவை எருவாகத் தட்டிக் காயவைத்துக்கொள்ளுங்கள், மகளையே தட்டச் சொல்லுங்கள். தையில் வாசலில் களிமண்ணால் சின்ன வீடு கட்டி, கோலம் போட்டு, அதன் முன்னால் பிள்ளைகளே பொங்கல் வைப்பதுதானே அது. பொங்கலையும் அந்த எருவையும் ஆற்றில் கொண்டுபோய் விடுவோம்.

அதற்கு உழக்கு அரிசி பொங்குகிற அளவில் சின்னப் பித்தளைப் பானை, அதற்கேற்ற சின்னக் கரண்டி வாங்குங்கள். விளையாட்டுச் சாமான் இல்லை, நிஜமாகவே சோறு பொங்குகிற பானை. மகள் பெயரை வெட்டிக் கொடுங்கள். வருஷா வருஷம் அதையே எடுத்து வைக்கலாம், அவள் பெரியவளான பிறகு நெய் உருக்கவாவது ஆகும்.

கூடவே அம்பாசமுத்திரம் மரச்சொப்பு. அம்மி, குழவி, உரல், உலக்கை, திருவை, அடுப்பு, குடம், இட்லிச்சட்டி என்று ஒரு அடுப்படியே ஓலைப்பெட்டிக்குள் அடங்கிவிடும். மரத்தைக் கடைசலில் சுழலவிட்டு அரக்குக் கட்டியை வைத்து அழுத்துவார்கள், உராய்கிற சூட்டில் அரக்கு உருகி மரத்தில் ஏறும், அந்தச் சிவப்பும் மஞ்சளும் பச்சையும் அப்படி வருவதுதான். முன்பு மஞ்சக்கடம்பு மரத்தில் செய்வார்கள். பெயின்ட் அடித்த பொம்மையையும் அரக்கேற்றிய பொம்மையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் யாருக்கும் வித்தியாசம் தெரியும். வாயில் வைக்கிற வயசுப் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் ரொம்பச் சின்னதாக இருக்கிற சாமான்களை எடுத்து ஒதுக்கிவிடுங்கள்.

உடன்குடிக்காரி:

கிறிஸ்துமஸ் பரிசுக்கு யாருமே பதில் சொல்லவில்லையே, நான் சொல்கிறேன். பலகாரம் செய்கிற அம்மா என்றால் அச்சு முறுக்கு அச்சு. டிசம்பரில் நம் பக்கம் அச்சு முறுக்கும் முந்திரிக்கொத்தும் இல்லாத கிறிஸ்தவர் வீடு உண்டா? அவர்கள் வீட்டிலும் அச்சு இருக்கும்தான், ஆனால் பெரும்பாலும் அலுமினியமாக இருக்கும். கனமான பித்தளை அச்சு, மரப்பிடி போட்டது கிடைத்தால் வாங்குங்கள். சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும், மாவு சமமாக ஒட்டும். புது அச்சை முதல் நாள் ராத்திரி எண்ணெயில் போட்டு வைத்துவிட வேண்டும். சுடும்போது ஒவ்வொரு தடவையும் காய்ந்த எண்ணெயில் அச்சைச் சூடேற்றிவிட்டு மாவில் முக்கால் உயரத்துக்குத்தான் முக்க வேண்டும். முழுசாக முங்கினால் முறுக்கு அச்சை விட்டுக் கழலாது. இது அந்த அம்மாவுக்கே தெரிந்திருக்கும், தம்பிக்காகச் சொன்னேன். இதை டிசம்பர் முதல் வாரத்திலேயே கொடுத்துவிடுங்கள். பண்டிகை அன்றைக்குக் கொண்டுபோனால் பலகாரமெல்லாம் சுட்டு முடித்திருப்பார்கள்.

எதைக் கொடுத்தாலும் மினுக்குத்தாள் சுற்றாதீர்கள், ஓலைப்பெட்டியில் வைத்துக் கொடுங்கள். எங்கள் பக்கம், மணப்பாடு பக்கம் எல்லாம் பெண்கள் ஓலையில் முடைகிறார்கள், சாயம் ஏற்றிய மூடிப்பெட்டி, கொட்டான், தட்டு என்று விதவிதமாக உண்டு. பெட்டிக்குள் சுக்குக் கருப்பட்டி நாலு வைத்து அதன் மேல் அச்சை வையுங்கள். காலியான பிறகு பெட்டி வெங்காயம் பூண்டு போட ஆகும், காற்று போவதால் முளைக்காது. அக்காவுக்குச் சுளகு (முறம்) ஒன்றும் வாங்குங்கள். ஃபிளாட்டில் எதற்குச் சுளகு என்று கேட்பார்கள், வடகமும் மிளகாயும் பால்கனியில் காயப்போட அதைவிட நல்ல தட்டு வேறு கிடையாது.

மேலப்பாளையத்தான்:

ஒன்று கேட்கிறேன் தம்பி. உங்கள் ஆச்சி வீட்டுச் சாமான் எங்கே? அக்காவுக்கு அதுதானே பிடிக்கும் என்றீர்கள்.

சிந்துபூந்துறைத் தம்பி:

மச்சில் இருக்கிறது. ஒரு வெண்கலக் கும்பா (சாப்பிடுகிற கிண்ணம்), இரண்டு பித்தளைப் போணி (வாயகன்ற பாத்திரம்), பெரிய சருவம், மூடி இல்லாத தூக்குவாளி. எடைக்குப் போட்டுப் புதுசு வாங்கலாம் என்று பேச்சு நடக்கிறது.

மேலப்பாளையத்தான்:

போடாதீர்கள். அழுக்கு, தேய்மானம் என்று கழித்துக்கொண்டுதான் எடை போடுவார்கள், கையில் வருவது உங்களுக்கே ஏமாற்றமாக இருக்கும். அந்தக் காலத்துத் தகட்டுக் கனத்தில் இன்று வாங்கவும் முடியாது. போணியைத் தட்டி நெளிவெடுத்து, உள்ளே பூச்சுப் போடுங்கள். தூக்குவாளிக்கு மூடி செய்து போட்டுவிடலாம்.

ரதவீதிக்காரன்:

பாத்திரம் விற்கிற நானே சொல்கிறேன், அவர் சொல்வதுதான் சரி. கும்பாவைத் திருப்பிப் பாருங்கள் தம்பி, அடியிலோ கழுத்திலோ எழுத்து இருக்கும். புளியும் உப்பும் போட்டுத் துலக்கினால் தெளிவாகத் தெரியும். எமரித்தாள், மெஷின் பாலிஷ் வேண்டாம், எழுத்து அழிந்துவிடும். கும்பாவுக்குப் பூச்சு தேவையில்லை, பழைய சோறோ கூழோ சாப்பிட்டுவிட்டு உடனே கழுவி வைத்தால் போதும்.

சிந்துபூந்துறைத் தம்பி:

இப்போதுதான் மச்சிலிருந்து இறக்கித் துலக்கினோம். கும்பாவில் புள்ளி புள்ளியாக வெட்டின எழுத்து இருக்கிறது, ஆச்சியின் அப்பா பெயருக்கான தலைப்பெழுத்தும் ஆச்சி பெயரும். அம்மாவுக்கே தெரியாது. அது ஆச்சிக்கு அவர்கள் வீட்டிலிருந்து வந்தது போல. அப்பா எடைக்குப் போடுகிற பேச்சை விட்டுவிட்டார்.

கும்பாவை அக்காவுக்குக் கொடுப்பது என்று முடிவு. தோசைக்கல் நாளைக்கு வாங்குகிறேன், அம்மா பழக்கித் தருவதாகச் சொல்லிவிட்டார்கள். ஒரு போணிக்குப் பூச்சு. பாளையங்கோட்டைக்கு அச்சும் ஓலைப்பெட்டியும், அடுத்த வாரமே. கெட்டில் இந்த வருஷம் வேண்டாம் சாரல் அக்கா, அடுத்த தீபாவளிக்குப் பார்க்கிறேன். கும்பாவில் அக்கா பெயரையும் சேர்த்து வெட்டலாமா?

ரதவீதிக்காரன்:

வெட்டலாம், ஆனால் மெஷினில் வேண்டாம். வெண்கலம், அதுவும் பழையது, அதிர்ச்சி தாங்குமா என்று கையில் எடுத்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும். உளி வைத்து வெட்டத் தெரிந்த பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள், கடையில் விசாரித்தால் கைகாட்டுவார்கள். ஆச்சி எழுத்துக்கு எதிர்ப்பக்கம் வெட்டச் சொல்லுங்கள், பக்கத்தில் வெட்டி நெருக்க வேண்டாம்.

சென்னைவாசி நெல்லைக்காரி:

எல்லாவற்றையும் நெல்லை எக்ஸ்பிரஸில்தானே கொண்டுவருவீர்கள். பார்சல் போடாதீர்கள், கையோடு வைத்துக்கொள்ளுங்கள். கும்பாவைப் பழைய வேட்டியில் சுற்றிப் போணிக்குள் வையுங்கள், போணியைப் பச்சரிசிப் பைக்கு நடுவில் வையுங்கள், அசையாது. தோசைக்கல்லுக்கு எண்ணெய் தடவி நியூஸ்பேப்பர் சுற்றி அடியில் வையுங்கள், மேலே எதுவும் மோதக்கூடாது. மண்சட்டி வாங்கினால் அதற்குள் வைக்கோல் திணியுங்கள். பனங்கிழங்கை அவித்துக் கொண்டுவர வேண்டாம், ஊசிப்போகும். மண்ணோடு பச்சையாகவே கட்டி எடுத்து வாருங்கள், இங்கே அவித்துக்கொள்ளலாம்.

உடன்குடிக்காரி:

மஞ்சளும் ஒரு துண்டு போட்டு அவிக்கச் சொல்லுங்கள்.